ஐபு சொல்லி விற்ற வண்டி

விற்பதற்காக நிறுத்தியிருக்கிற வண்டியின் பானெட்டைத் தானே திறந்து, வாங்க வந்தவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், "இங்க பாருங்க, இங்கதான் ஒழுகுது" என்று எந்த மனுஷனாவது காட்டுவானா? என் வீட்டுக்காரர் காட்டுவார். ஹபீப் முஹம்மது என்று கூனிமேட்டில் கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். உப்பு வண்டி பாய் என்று கேட்டால் பள்ளிவாசல் தெருவில் யாரானாலும் கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

அன்றைக்கு வந்தவர் வானூர் வெங்கடாசலம். தர்பூசணி ஏற்றுவதற்குப் பழைய பிக்கப் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன். நின்றேன் என்று சொல்வதே தப்பு. அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். அந்த மாதம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை.

"ரேடியேட்டர்ல சின்னதா ஓட்ட இருக்குது. பாண்டி போய்ட்டு வர்றதுக்குள்ள ஒரு வாட்டி தண்ணி ஊத்தணும்" என்றார் இவர். "செகண்ட் கியர் போட்டா நிக்காது, வெளிய வந்துடும். கையால அழுத்திப் புடிச்சுக்கணும். காலைல செல்ஃப் எடுக்காது. நாலு பேரு தள்ளணும். அப்புறம் கீழ வாங்க, அதையும் பார்த்துடுங்க."

கீழே என்றால் வண்டிக்குக் கீழே. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்தார். வந்த மனுஷனையும் குனிய வைத்தார்.

"உப்பு ஏத்துன வண்டிங்க. தெனமும் நல்ல தண்ணி அடிச்சு, பழைய ஆயில் பூசித்தான் வச்சிருக்கேன். அப்படியும் உப்பு அடிச்சட்டத்த, சேஸ தின்னுடுச்சு. பாருங்க, வெரலால சுரண்டுனா உதிருது. இந்த எடத்துல வெல்டிங் வைக்கணும்."

"சாவி இதானே?"

"அதான். ஆனா அது இல்லனாலும் ஓடும். ஸ்பூன் காம்ப விட்டுத் திருப்புனாலும் ஸ்டார்ட் ஆயிடும். அதையும் மாத்தணும்."

யா அல்லாஹ், இந்த மனுஷன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடேன் என்று நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

ஆனால் வெங்கடாசலம் அசரவில்லை. சிரித்தார். "பழைய வண்டின்னா அப்படித்தான் பாய். கல்யாணத்துக்குப் பொண்ணா பார்க்க வந்திருக்கேன்? நமக்கு லோடு ஏறணும், அவ்ளோதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடிப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கினேன். திரும்பி வருவதற்குள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இவ்ளோ தெறந்து சொல்றீங்க. வண்டியும் பொத்திப் பொத்தித்தான் வச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு பாய் விக்கிறீங்க?"

இவர் கையை லுங்கியில் துடைத்தார். காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

"சும்மாதான்."

"சும்மாவா?"

"போதும்னு தோணிச்சு."

வெங்கடாசலம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வண்டியை இன்னொரு தரம் சுற்றி வந்தார். இந்தத் தரம் அவர் பார்த்த பார்வையே வேறு. "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு போன் பண்றேன் பாய்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பிஸ்கட் தட்டோடு நான் வாசலில் நின்றேன்.

"பேசுங்க! நல்லாப் பேசுங்க!" என்று இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஓட்ட, ஒடசல், துரு, எல்லாத்தையும் மைக் வச்சுச் சொல்லுங்க! யாரு வாங்குவா இத?"

"ஐப மறைச்சு வித்தா அந்தக் காசு ஒடம்புல ஒட்டுமா மெஹரு?"

ஐபு என்றால் குறை. பொருளில் இருக்கிற ஐபைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ளதுதான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் கேட்காதவர் யார்? கேட்டுவிட்டு வந்து கடைப்பிடிக்கிறவர் எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? பேச முடியாததால் எரிச்சல் இன்னும் ஏறியது. பிஸ்கட்டை எல்லாம் நானே தின்றேன்.

இந்த ஓட்டை வண்டியை விற்பதற்கு ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று யாராவது கேட்டால், கேட்கிறவரிடம் சண்டைக்குப் போய்விடுவேன். ஆனால் காரணம் இதுதான்.

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ஒரு நாள், இவர் மரக்காணம் உப்பளத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு மண்சாலையில் வந்திருக்கிறார். வந்தவருக்குப் பாதி வழியில் கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. வண்டி தானாக ஓடி, வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் முன்சக்கரம் புதைந்து நின்றது. அது அல்லாஹ்வின் கருணை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து இவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர்களில் கமலாம்பாள் என்கிற அம்மா, வண்டியிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி இவர் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாளாம். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பாண்டியில் பார்த்த டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "இரும்பு கொடுத்தா நிக்காதும்மா, மாத்திரைதான் நிறுத்தும்" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னதில் சிரிப்பு எதுவும் இல்லை.

"வண்டி ஓட்டவே கூடாது. இது சொல்லிட்டு வராது. அடுத்த தடவ ஈசிஆர்ல வந்துச்சுன்னா நீங்க மட்டும் இல்ல, எதிர்ல வர்றவனும் சேர்த்துத்தான்."

இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் "வித்துடுறேன்" என்றார். ஊருக்குச் சொன்னது வேறு. ஸ்டியரிங் இழுத்துவிட்டது, அதனால் வண்டி வாய்க்காலில் இறங்கியது. அவ்வளவுதான். துபாயில் இருக்கிற எங்கள் மகன் அஸ்லமிடம்கூட, "வயசாகுதுப்பா" என்றுதான் சொன்னார். அவன் அங்கிருந்தே போட்டோ வாங்கி, வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் போட்டு, என் போன் நம்பரையும் கொடுத்திருந்தான்.

விற்கிற வரைக்கும் வண்டி வாசலில்தானே நிற்கும்? அங்கேதான் என் தூக்கம் போனது. விடிகாலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் அதைக் கிளப்புவார். "பேட்டரி எறங்கிடும் மெஹரு." பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளிக் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு ஓடுவேன். முதலில் கிளப்பி அணைத்தார். அப்புறம் முன்னும் பின்னும் நகர்த்தினார். அப்புறம் தெருமுனை வரை போனார். அப்புறம் டீக்கடை. நான் சாவியை அரிசி டின்னில் ஒளித்து வைத்தேன். ஸ்பூனை எடுத்தார். வீட்டிலிருந்த ஸ்பூன்களை எல்லாம் கட்டி பீரோவில் பூட்டினேன். அன்றைக்குப் பாயசத்தைக் கரண்டியில் குடித்தோம். மறுநாள் நெயில் கட்டரின் வாலைக் கொடுத்துக் கிளப்பிக்கொண்டு போனார். பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி மாட்டிவிட்டார். இந்த மனுஷனோடு எப்படி மல்லுக்கட்டுவது?

"மாத்திர சாப்பிடுறேன்ல? அதுக்கப்புறம் வரவே இல்லியே?" என்பார்.

"வர்றப்ப லெட்டர் போட்டுட்டா வரும்?" என்பேன்.

அடுத்து ஐஸ் வியாபாரி ஒருவர் வந்தார். திண்டிவனத்திலிருந்து பந்தல்காரர் ஒருவர் வந்தார். இருவரிடமும் அதே ரேடியேட்டர், அதே செகண்ட் கியர், அதே துரு, அதே ஸ்பூன். பந்தல்காரர் விஷயத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் நம்ம மெக்கானிக் இருக்கான் பாய்" என்று பர்ஸையே எடுத்துவிட்டார். எடுத்த கையோடு, "எதுக்கு விக்கிறீங்க?" என்றார். இவர் சுவரைப் பார்த்தார். "சும்மாதான்." பந்தல்காரர் பர்ஸை மடித்துக்கொண்டே, "ஆக்சிடெண்ட் வண்டியா பாய்? ஆளு கீளு அடிபட்டு, போலீஸ் கேஸ் எதுனா..." என்று இழுத்தார். "ச்சேச்சே" என்றார் இவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. பந்தல்காரர் போய்விட்டார்.

அட, ஓட்டைக்கும் துருவுக்கும் பயந்து யாரும் ஓடவில்லை. இந்தச் 'சும்மாதான்' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் ஓடுகிறார்கள். இத்தனை குறையையும் கூசாமல் சொல்கிறவன் எதையோ ஒன்றை விழுங்குகிறான் என்றால், அது எவ்வளவு பெரிய குறையாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "எதுக்கு விக்கிறீங்கன்னு கேட்டா உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே?"

"அது வண்டியோட ஐபு இல்ல."

"உங்களோடதுதான். அதச் சொன்னா என்ன, வாய் வெந்துடுமா?"

சோற்றைப் பிசைந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாளைக்குப் பள்ளியில நான் சஃப்ல, வரிசையில நின்னா, பக்கத்துல நிக்கிறவன் என்னப் பார்த்துக்கிட்டே தொழுவான் மெஹரு. எப்ப விழுவான்னு." பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினார்.

என் கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. துரை மாதிரி நடக்கிறவர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதற்காக வண்டியை ஓட்ட விட முடியுமா? அன்று முழுக்க மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்கி என் முட்டி வலித்ததுதான் மிச்சம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் என் போன் அடித்தது.

"பாயம்மாவா? நான் லூர்துமேரி பேசுறேன். கருவாட்டு யாவாரம். உங்க வண்டி இன்னும் இருக்குதா? எம் புள்ள பிரபுவ கூட்டிக்கிட்டு இப்பவே வரலாமா?"

"வாங்கம்மா, தாராளமா வாங்க" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். வண்டி நின்ற இடத்தில் மணலில் ஆயில் கறை மட்டும் இருந்தது.

டீக்கடைக்கு ஓடினேன், இல்லை. பள்ளிவாசலில் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார், அது வேறு நல்ல பழக்கம்! மெயின் ரோட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அவர் செருப்பு. ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன். எங்கே என்று ஆட்டோக்காரர் கேட்டதும் யோசிக்காமல், "உப்பளத்துக்கு" என்றேன். வேறு எங்கே போவார்?

வழி முழுக்க எதிரில் வருகிற ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்தேன். ஓரமாகக் கூட்டம் எதுவும் நிற்கிறதா என்று பார்த்தேன். ஓதத் தெரிந்த துஆ எல்லாம் பாதிப் பாதியாக வாயில் வந்தது. உட்கார முடியாமல் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். "அம்மா, உள்ள தள்ளி உக்காருங்க, விழுந்துடப் போறீங்க" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

உப்பளத்து மண்சாலையில் திரும்பியதுமே கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் வண்டி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் கட்டிய பாத்திகள். நடுவே ஒற்றை வண்டிப் பாதையில் ஆடி ஆடி வருகிறது. பின்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் வேலை முடித்த பெண்கள், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓட்டுகிறவர் இவர்.

"குறுக்க விடுங்க!" என்றேன். ஆட்டோக்காரர் பாதையை அடைத்துக்கொண்டு நிறுத்தினார். இவரும் பிரேக் போட்டார்.

நான் இறங்கிப் போட்ட சத்தத்தில் பாத்தியில் நின்ற நாரைகள் எழும்பிவிட்டன. "அறிவிருக்கா உங்களுக்கு? அல்லாவுக்குப் பயந்தவரா நீங்க? நீங்க விழுந்தா நான் அழுதுட்டுப் போறேன், இவங்க வீட்ல யாரு அழுவாங்க?"

"வெயில்ல நடந்து போறாங்க மெஹரு. மெயின் ரோடு வரைக்கும்தான். எப்பவும் ஏத்திக்கிட்டுப் போறதுதானே?"

"எப்பவும் இல்ல! இப்ப!"

அவர் இறங்கவில்லை. எனக்கு வெறி வந்துவிட்டது. சுற்றிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, படாரென்று சாத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எடுங்க. நானும் வர்றேன். போறதுனா எல்லாரும் சேர்ந்தே போய்ச் சேருவோம்."

"எறங்கு மெஹரு."

"மாட்டேன். வண்டிய எடுங்க!"

அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கியருக்கு வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா இறங்கி அவர் பக்க ஜன்னலுக்கு வந்தாள். காலில் பழைய காலுறை, முட்டி வரை உப்பு பூத்த சேலை. அவள்தான் கமலாம்பாள்.

"கோவிச்சுக்காதீங்க பாயம்மா" என்றாள்.

என் கோபத்துக்கு அவளும் மாட்டினாள். "அன்னைக்கு இவரத் தூக்குனது நீங்கதானே? என்ன நடந்துச்சுன்னு உங்க கண்ணால பார்த்தீங்கதானே? எல்லாம் தெரிஞ்சும் எந்த தைரியத்துல ஏறுனீங்க?"

கமலாம்பாள் இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது நன்றாகத் தெரிந்தது.

"பாய் வந்து வண்டிய நிறுத்தி, ஏறுங்கம்மான்னாரு. இத்தன வருசமா ஏத்திக்கிட்டுப் போன மனுசன். இன்னைக்கு வாணாம்னு எப்படிச் சொல்றது? சொன்னா அவரு மொகம் என்னாவும்? அதான் சாமியக் கும்புட்டுக்கிட்டு ஏறிட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, பின்னால் கையைக் காட்டினாள். "சும்மா ஒண்ணும் ஏறல. ரேணுகாவ நேரா பாய் தலைக்குப் பின்னாடி நிக்க வச்சுட்டோம். எதுனா ஆச்சுன்னா கைல இரும்பு குடுக்கறதுக்கு."

இவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேபினின் பின்பக்கக் கண்ணாடிக்கு அப்பால், சின்ன வயசுப் பெண் ஒருத்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் அவள் வீட்டுச் சாவிக்கொத்து. இவர் பார்த்ததும் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இவர் திரும்பி நேராக உட்கார்ந்தார். சாவிக்குப் பதிலாகச் செருகியிருந்த நெயில் கட்டரைத் திருப்பி உருவினார். இன்ஜின் நின்றது. நெயில் கட்டரை என் மடியில் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பக்கமாகப் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கையில் போன் அடித்தது. லூர்துமேரி. "பாயம்மா, உங்க வீட்டாண்ட நிக்கிறோம். பூட்டிக் கெடக்குது?"

"உப்பளத்துக்கு வந்துடுங்கம்மா. வண்டி இங்கதான் இருக்குது. இப்பவே வாங்க."

ஆட்டோவை அனுப்பிவிட்டோம். பெண்கள் யாரும் நடந்து போகவில்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்து வாட்டர் கேனை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. வரப்பில் நடந்தேன். இந்தத் தரமும் 'சும்மாதான்' என்றால் என்ன செய்வது? நானே உடைத்துச் சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்து அவர் முகத்தைக் காப்பாற்றியிருக்கும்போது, பெண்டாட்டி நான் போட்டு உடைப்பதா? வாயை இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

லூர்துமேரி மொபெட்டை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் சிலுவை டாலர், இடுப்பில் செருகிய சேலை, நல்ல பெருத்த குரல். பின்னால் மகன் ஆரோக்கிய பிரபு. வந்ததும் பையன் வண்டிக்கு அடியில் தலையை விட்டான்.

இவர் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர். செகண்ட் கியர். செல்ஃப். சேஸ். நெயில் கட்டர். எதையும் விடவில்லை. குரல்தான் முன்பு மாதிரி இல்லை, கம்மியிருந்தது.

"வெல்டிங் நம்மளே வச்சுக்கலாம்மா" என்றான் பிரபு. "இன்ஜின் நல்லாத்தான் தெரியுது."

லூர்துமேரி டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "எல்லாம் சரி பாய். நல்லா ஓடுற வண்டிய எதுக்குக் குடுக்குறீங்க?"

இவர் திரும்பினார். பார்ப்பதற்கு அங்கே சுவர் எதுவும் இல்லை. பாத்திகளும், குவித்து வைத்த உப்பும், வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களும்தான் இருந்தார்கள். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாருமே வேறெங்கோ பார்க்கிற மாதிரி இருந்தார்கள். அவர் மட்டும் அவர்களையே பார்த்தார்.

"எனக்கு வலிப்பு வருதும்மா" என்றார்.

ரேணுகா தலையை நிமிர்த்தினாள்.

"ஸ்டியரிங் இழுத்துச்சுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். அது பொய். ஸ்டியரிங்ல ஒரு கோளாறும் இல்ல. வண்டி மேல பழியப் போட்டேன். அந்த வாய்க்கால் பக்கத்துல நான்தான் விழுந்தேன். இவங்கதான் இழுத்துப் போட்டாங்க. இன்னைக்கும் ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சே ஓட்டிக்கிட்டு வந்தேன். இவங்க உசுரோட வெளையாடிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் விக்கிறேன்."

லூர்துமேரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "மாத்திர ஒழுங்கா போடுறீங்களா பாய்?"

"போடுறேன்."

"போடுங்க. எங்க பெரியப்பாருக்கும் இருந்துச்சு. நல்லா வயசாகித்தான் போய்ச் சேந்தாரு." டயரை இன்னொரு தட்டுத் தட்டினார். "அப்ப வண்டி மேல கேசு கீசு இல்ல. எனக்கு அதான் வேணும். டேய் பிரபு, அட்வான்ஸக் குடு."

கமலாம்பாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே என் பக்கம் வந்தாள். "பாய் மனசுல வச்சுக்காம சொல்லிட்டாரு பாயம்மா, இனிமே நல்லாயிடுவாரு" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்பில் வெடித்த கை, கரகரவென்று இருந்தது.

பெண்களை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, அப்படியே ஓட்டியும் பார்த்துவிடலாம் என்றார் லூர்துமேரி. அவர் மொபெட்டில் முன்னால் கிளம்பினார். நான் நெயில் கட்டரைப் பிரபுவிடம் கொடுத்தேன். இவர் பழக்கத்தில் நேராக டிரைவர் பக்கத்துக்குப் போய்க் கதவில் கை வைத்தார். வைத்த கையை எடுத்து, அந்தத் தகரத்தை ஒரு தரம் தடவினார். பிறகு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். வாங்கின நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் பெண்களோடு பின்னால் ஏறிக்கொண்டேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ள வேண்டியிருக்குமோ என்று பார்த்தால், வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாளாவது இப்படிக் கிளம்பியிருக்குமா?

காற்று முகத்தில் அடித்தது. அந்த மாதத்தில் முதல் தடவையாக நான் ஒரே இடத்தில் நின்றேன். ரேணுகா சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மெயின் ரோட்டில் வண்டி நின்றதும் பெண்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். இவரைக் காணோம். முன்னால் போய்ப் பார்த்தால், உள்ளே உட்கார்ந்து கதவோடு போராடிக்கொண்டிருக்கிறார். கைப்பிடியை இழுக்கிறார், தோளால் முட்டுகிறார்.

"அது உள்ளேர்ந்து தெறக்காது" என்றேன். "ஜன்னலுக்கு வெளிய கைய விட்டுத் தெறக்கணும்."

"எப்பலேர்ந்து?"

"அஸ்லம் ஸ்கூலுக்குப் போய்ட்டிருந்தப்பலேர்ந்து."

அவர் என்னையே பார்த்தார். "சொல்லவே இல்லியே மெஹரு?"

"நீங்க எப்பவும் அந்தப் பக்கம் உக்கார்ற ஆளு. இது எனக்கு மட்டும்தானேன்னு விட்டுட்டேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டார். பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவினார். நான் அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். கதவு திறந்தது. இறங்கியவர் மொபெட்டில் காத்திருந்த லூர்துமேரியை நோக்கி வேகமாக நடந்தார்.

"அம்மா, ஒரு நிமிசம். ஒரு ஐபு சொல்ல விட்டுப்போச்சு."